அறிவொளிக் காலத்தாரும் பொய்க்கரியும்

பழமை பற்றிப் பேசுவோர் எவரும் கரி கேட்டே பேசுதல் வேண்டும். கழிந்த காலத்தைக் காட்சியளவையாற் காண்டல் எவர்க்கும் இயலாது. எஞ்சி நிற்கும் ஏடும் கல்லும் செப்பேடும் கொண்டு கருதியும், கண்டோரும் கேட்டோரும் உரைத்தவற்றை ஆராய்ந்து தெளிந்துமே அஃது உணரப்படும். ஆகலின், வரலாறு எழுதுவார்க்கு முதற்கடன் கரியின் மெய்ம்மையை நாடுதலேயாம். கரி பொய்யாயின், அதன்மேல் எழுப்பிய உரை எத்துணை அழகியதாயினும், அடி புழுத்த தூணின்மேல் நிறுத்திய மண்டபம் போல ஒருநாள் வீழ்ந்தே தீரும். இவ்வுண்மையை ஐரோப்பாவில் உரத்துக் கூறியோர் பதினெட்டாம் நூற்றாண்டின் அறிவொளிக் காலத்து ஆசிரியர்கள். அதனைத் தாமே மறந்து இடறியோரும் அவர்களுட் சிலரே. அவ்விரண்டும் ஈண்டு ஆராயப்படும்.

அவ்வாசிரியர்களைப் பற்றி மூவகைக் கொள்கைகள் வழங்குகின்றன. அவர்கள் பகுத்தறிவு ஒன்றனையே போற்றினர். காலந்தோறும் மக்கள் வாழ்க்கை வேறுபடுதலை உணரும் வரலாற்றுணர்வு அவர்கட்கு இல்லை என்பார் ஒரு சாரார். அவர்கள் பழமையனைத்தையும் துலாக்கோலில் இட்டு நிறுத்துவிட்டனர். பண்டை மக்களையும் பண்டைச் சமயங்களையும் பற்றி அவர் கூறியதே முடிந்த முடிபு என்பார் மற்றொரு சாரார். இவ்விரு சாராரினும் வேறாக, வால்டேர் போன்ற பேரறிஞரே பாரதநாட்டின் தொன்மையைப் புகழ்ந்தனர். இனி வேறு சான்று எற்றுக்கு எனக் கேட்போர் மூன்றாமவர். மேடைகளிற் பெரிதும் கேட்கப்படுவது இம்மூன்றாமவர் குரலே. இம்மூன்று கொள்கைகளும் உண்மைக்குப் பொருந்தா. அது காட்டுதும் என்று புகுவார்க்கு முதற்கண் வேண்டுவது, எதிர்வழக்காடுவோர் கூற்றை அவர் வாய்மொழியாகவே முழுதும் கேட்டு, அதன்பின் மறுத்தலாம்.

முதற்கொள்கையை நோக்குக. அறிவொளிக் காலத்துக்கு முன்னர்ப் பிரான்சு நாட்டில் உலக வரலாறு எனப் போற்றப்பட்டது, போசுவே என்னும் மேற்றிராணியார் 1681-இல் வெளியிட்ட நூலாகும். உலகப் படைப்பில் தொடங்கிச் சார்லமேன் பேரரசரோடு முடியும் அந்நூல், பேரரசுகள் எழுவதும் வீழ்வதும் இறைவனது திருவுளம் கிறித்தவ சமயத்தின் வாயிலாக நிறைவேறுதற் பொருட்டே என விளக்கிற்று. சீனமும் இந்தியாவும் அவ்வுலகத்துள் அடங்கவில்லை. இக்குறையைக் கண்டு வெறுப்புற்ற தம் தோழியாராகிய சாத்தலே அம்மையார் பொருட்டு வால்டேர் எழுதத் தொடங்கிய பெருநூல் 1756-இல் வெளிவந்தது. அது சீனத்தில் தொடங்கி, இந்தியா, பாரசீகம், அரேபியா எனச் சென்று, அதன் பின்னரே ஐரோப்பாவுக்கு வருகின்றது. தம் நாட்டையும் தம் சமயத்தையும் உலகின் நடுவெனக் கொண்டிருந்த மக்கட்கு, அவ்வொரு வரிசை மாற்றமே பெரியதொரு பாடமாயிற்று.

அன்றியும், மன்னர் போரும் மணமுமே வரலாறு என்றிருந்த நிலையை மாற்றியோரும் இவர்களே. வால்டேர் 1751-இல் வெளியிட்ட பதினான்காம் லூயி மன்னர் காலத்து வரலாற்றுக்காக ஏறத்தாழ இருபதாண்டுகள் பொருள் தொகுத்தார். அம்மன்னர் அவையில் இருந்த முதியோரைத் தேடி வினவினார். வணிகம், வரி, கலை, அறிவியல் என்பனவற்றுக்குத் தனித்தனி அதிகாரம் வகுத்தார். மாந்தெஸ்கியூ 1734-இல் உரோமர் உயர்ந்ததற்கும் தாழ்ந்ததற்கும் காரணங்களை நாடி ஒரு நூல் செய்தார். 1748-இல் வெளியிட்ட பெருநூலில், ஒரு நாட்டின் சட்டம் அந்நாட்டின் நிலத்தோடும் தட்பவெப்பத்தோடும் தொழிலோடும் சமயத்தோடும் ஒழுக்கத்தோடும் பின்னிக் கிடத்தலை விளக்கினார். ஹியூம் 1754 முதல் 1762 வரை வெளியிட்ட இங்கிலாந்து வரலாற்றின் ஆறு தொகுதிகளில், ஆட்சிகளின் நிகழ்ச்சிகளோடு, அவ்வக்காலத்து விலைவாசியும் வருவாயும் பழக்கவழக்கமும் கூறினார்.

எடின்பரோப் பல்கலைக்கழகத் தலைவராகிய ராபர்ட்சன் ஸ்காத்லாந்துத் திருச்சபையின் குருவும் ஆவர். அவர் 1777-இல் வெளியிட்ட அமெரிக்க வரலாற்றுக்காக, ஸ்பெயின் நாட்டு ஏடுகளைத் தேடுவித்ததோடு அமையாது, அமெரிக்கப் பழங்குடி மக்களிடையே வாழ்ந்தார்க்கு வினாநிரல் விடுத்து விடை பெற்றார். கிப்பன் 1776 முதல் 1788 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட உரோமப் பேரரசின் வீழ்ச்சி வரலாற்றிற் பக்கந்தோறும் அடிக்குறிப்பு நிறைந்துள்ளது. அம்மேற்கோள்கள் பொய்யென டேவிஸ் என்பவர் 1778-இற் குற்றஞ்சாட்டியபோது, கிப்பன் மறு ஆண்டே ஒவ்வொன்றாக எடுத்து விடை கூறி, எடுத்த ஏட்டையும் இடத்தையும் காட்டினார். கூறியது எதுவாயினும் அதற்குரிய கரியைப் படிப்போர் கையிற் கொடுத்துவிடுதல் என்னும் அவ்வொழுக்கம் வரலாற்றுணர்வு இல்லாதார்க்கு உண்டாகுமோ? பதினெட்டாம் நூற்றாண்டு வரலாற்றை அறியாதது என்னும் பழி, பின்வந்த தலைமுறையினர் தம்மை உயர்த்துதற்குச் சுமத்தியதே எனக் காசிரர் என்னும் செருமானிய அறிஞர் 1932-இல் எழுதிய நூலில் மறுத்துள்ளமையும் காண்க.

அற்றன்று, மக்களியல்பு எக்காலத்தும் எந்நாட்டும் ஒன்றே என ஹியூம் 1748-இல் எழுதவில்லையா? அங்ஙனம் கொண்டார்க்கு வரலாறு எற்றுக்கு எனின், ஹியூம் அவ்வாறு எழுதியது உண்மையே. ஆயின் அவர் கூறியது, அவாவும் பெருமிதமும் நட்பும் அச்சமும் போன்ற உள்ளத்தின் அடிப்படை இயக்கங்கள் ஒத்தன என்பதே. அவை வெளிப்படும் ஒழுக்கமும் சட்டமும் ஒன்றென்பதன்று. மக்களியல்பில் ஒப்புமை சிறிதுமில்லையாயின், ஈராயிரம் ஆண்டுக்கு முற்பட்ட ஒருவன் எழுதிய மடலை இன்றுள்ளான் ஒருவன் படித்துணர்தலும் கூடாதன்றோ? ஒப்புமையும் வேற்றுமையும் என்னும் இரண்டனையும் கொண்டவழியே வரலாறு உண்டாம். ஆகவே முதற்கொள்கை வலியிழந்தது.

இனி, இரண்டாங் கொள்கை. அறிவொளிக் காலத்தார் கூறியதே முடிபு என்பார், அவர் கைக்கொண்ட நெறியையும் அவர் வழங்கிய தீர்ப்பையும் ஒன்றெனக் கருதி மயங்குகின்றனர். நெறி நன்று, தீர்ப்பு யாண்டும் நன்றன்று. உலக வரலாற்றில் அறிவுடையோர் எண்ணத்தக்க காலங்கள் நான்கே என வால்டேர் வகுத்தார்: அலெக்சாந்தர் காலத்துக் கிரேக்கம், சீசர் அகஸ்தஸ் காலத்து உரோமம், மெதிசி குடியினர் காலத்து இத்தாலி, பதினான்காம் லூயி காலத்துப் பிரான்சு என்பன அவை. எஞ்சிய காலத்தில் வாழ்ந்து, நிலம் திருத்தி, கோயிலும் பாலமும் கட்டி, மக்களைப் பெற்று வளர்த்த கோடானுகோடி மக்கள் எண்ணப்படாதவராயினர். சீனத்தை முதலில் வைத்த கையே, புகழ்மாலை தொடுக்குங்கால் நான்கு மலரையும் ஐரோப்பாவினின்றே பறித்தமை நோக்கற்பாலது.

கிப்பன் செய்ததும் அத்தகையதே. முதல் தொகுதிகளில் ஒவ்வோர் ஆண்டையும் நுணுகி ஆராய்ந்த அவர், கான்ஸ்தாந்திநோபிளின் வரலாற்றுக்கு வந்தவிடத்து, ஹிராக்கிளியஸ் காலம் முதல் 1204-இல் அந்நகரை மேற்றிசைப் படையினர் கைப்பற்றியது வரை, ஏறத்தாழ அறுநூறு ஆண்டுகளில் ஆண்ட பேரரசர் பலரை நாற்பத்தெட்டாம் அதிகாரம் ஒன்றனுள் அடக்கி ஓடிவிட்டார். அப்பேரரசு உரோமம் வீழ்ந்த பின்னும் ஆயிரம் ஆண்டுகள் நின்றது. வீழ்ந்துகொண்டேயிருந்த ஒன்று ஆயிரம் ஆண்டு நிற்றல் எங்ஙனம் என்னும் வினாவை அவர் போதியவாறு எழுப்பவில்லை. பின்னாளில் அவர் நூலைப் பதிப்பித்த பியூரி போன்றோரே இக்குறையை எடுத்துக்காட்டினர். கிப்பனிடத்துக் கரி இல்லாமையன்று குறை. வீழ்ச்சி எனத் தலைப்பிட்டுத் தொடங்கியபின் வேறொன்றைக் காண அவர் மனம் ஒருப்படாமையே குறை.

இக்குறை முதிர்ந்து நோயாதலைக் காட்டுதற்கு வால்டேரின் வாழ்க்கையிலேயே ஒருங்கு நிகழ்ந்த இரண்டு வழக்குகள் உள. முதலாவது உயிரோடிருந்தார் வழக்கு. 1762 மார்ச்சுத் திங்களில், துலூஸ் நகரத்தில், ழான் கலாஸ் என்னும் முதிய துணி வணிகர் சக்கரத்திற் கட்டி உடல் முறிக்கப்பட்டுக் கொல்லப்பட்டார். அவர் புராட்டஸ்டண்டு சமயத்தவர். தம் மகன் கத்தோலிக்க சமயம் புகுதலைத் தடுத்தற் பொருட்டு அவனைக் கொன்றார் என்பது குற்றச்சாட்டு. செய்தி கேட்ட வால்டேர் உடனே எப்பக்கமும் சாய்ந்தாரல்லர். குற்றம் மெய்யோ, தீர்ப்புப் பொய்யோ என இருபுறமும் ஐயுற்றார். கொல்லப்பட்டார் மகன் ஒருவனை வரவழைத்து வினவினார். கரி கூறியோர் எவர், எதனைக் கண்டனர், எதனைக் கேள்வியுற்றனர் எனத் துருவினார். ஐயம் நீங்கிய பின்னரே முழங்கினார். மூன்றாண்டு ஓயாது முயன்றதன் பயனாக, 1765-இற் கலாஸ் குற்றமற்றவர் எனத் தீர்ப்பாயிற்று. இறந்தார் மீளவில்லை, ஆயினும் அவர் மனைவி மக்கள் பழி நீங்கினர். கரியை ஆராயும் நெறிக்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு அந்நூற்றாண்டில் அரிது.

இரண்டாவது பழமையின் வழக்கு. 1760-இல் இந்தியாவினின்று மீண்ட மோதாவ் என்னும் பிரெஞ்சுப் படைத்தலைவர் வால்டேர்க்குக் கையெழுத்து நூல் ஒன்று கொடுத்தார். அதன் பெயர் எசூர்வேதம். யசுர் என்பதே பிரெஞ்சு எழுத்திற் பட்டு அவ்வாறு திரிந்தது. வால்டேர் அதனை 1761-இல் பாரிசிலுள்ள அரசர் நூலகத்துக்கு அரும்பொருளாக அளித்தார். கலாஸ் வழக்கு முடிந்த அதே 1765-இல், வேறொரு குருவின் பெயரால் மறைந்து அவர் வெளியிட்ட வரலாற்றுத் தத்துவம் என்னும் நூலில், எசூர்வேதம் அலெக்சாந்தர் படையெடுப்புக்கு முன் எழுதப்பட்டது என உறுதி கூறினார். அது வேதமேயன்று, வேதப்பொருளின் சுருக்கம் என்பதை அவர் ஒப்புக்கொண்டார். ஆயின் அதன் தொன்மையில் ஐயுற்றாரல்லர். திருவரங்கத்துத் தலைமைப் பூசகராகிய முதியவர் ஒருவர் அதனைப் பிரெஞ்சு மொழியிற் பெயர்த்தார் என்றும் மற்றொரு நூலில் எழுதினார். அப்பூசகரைக் கண்டார் எவர்? மூலச் சுவடி யாண்டுள்ளது? அதனைப் படித்தறிந்த வேறொருவர் உளரா? துலூஸ் நகரத்து நீதிபதிகளை நோக்கி அவர் கேட்ட வினாக்களுள் ஒன்றேனும் ஈண்டுக் கேட்கப்படவில்லை.

நூலின் பொருளை நோக்கினார்க்கும் ஐயம் எழுந்திருத்தல் வேண்டும். வியாசர்க்கும் சுமந்து என்பார்க்கும் நிகழும் உரையாடலாக அது செல்கின்றது. வியாசர் புராணக் கதைகளையும் கோயில் வழிபாட்டையும் எடுத்துக் கூற, சுமந்து அவற்றையெல்லாம் மறுத்து, உருவ வழிபாடு பிழையென இடித்துரைக்கின்றார். தன் நாட்டு வழிபாடனைத்தையும் வரிசையாக நிறுத்தி மறுக்கும் பண்டை வேதச்சுருக்கம் ஒன்று, அவ்வழிபாடு செய்யும் பூசகர் கையிலேயே பேணப்பட்டு வந்தது என்பது நம்பற்கு எளிதோ? கரி பொய்யாதல், அது கூறும் பொருளினும் நம்பற்கரியதாயினன்றி அக்கரியைக் கொள்ளலாகாது என ஹியூம் வகுத்த விதியை வால்டேர் அறியாதவரல்லர்.

பொய் நெடுநாள் நிற்கவில்லை. எசூர்வேதம் 1778-இல் அச்சேறிற்று. வால்டேர் இறந்ததும் அவ்வாண்டே. 1782-இல், இந்தியாவில் வாழ்ந்து மீண்ட சொன்னரா என்னும் இயற்கையறிஞர், அது வேதமன்று, கிறித்தவ சமயப் பரப்பாளர் ஒருவர் வாதத்தின் பொருட்டு எழுதியது என வெளியிட்டார். பின்னர்ச் சென்னை அரசாங்கத்தில் அலுவல் பார்த்த எல்லிஸ் துரை, புதுச்சேரியில் மேலைக் குருமார் இல்லத்தில் அந்நூலையும் அதுபோன்ற வேறு போலி வேதங்களையும் நேரிற் கண்டார். அவர் எழுதிய ஆராய்ச்சி அவர் இறந்தபின் 1822-இல் வங்காளத்து ஆசியக் கழக வெளியீட்டில் வந்தது. அந்நூலைத் தத்துவ போதகர் என்னும் நோபிலி பாதிரியார்மேல் ஏற்றியமை பிற்காலத்தார்க்கு உடன்பாடன்று. மூலமே பிரெஞ்சில் எழுந்தது என 1984-இல் ரோஷே என்பவர் ஆராய்ந்து காட்டினார். ஆயினும் அது போலியென்பதில் இன்று ஐயமில்லை. இந்துக்களைத் தம் திருச்சபைக்கு ஈர்த்தற் பொருட்டுக் குருமார் புனைந்த நூலை, அத்திருச்சபையையே தாக்குதற்குப் படைக்கலமாக வால்டேர் எடுத்தாண்டார். புனைந்தவர் கருதியதும் நிறைவேறவில்லை. எடுத்தவர் கருதியதும் நிலைக்கவில்லை. பொய்க்கரி தன்னை அழைத்த இருவரையும் கைவிட்டது.

அத்துணை ஐயப்பாட்டாளர் இவ்வாறு ஏமாந்தது என்னை? அவர் இந்தியாவை அறிதற்கு அந்நூலை நாடவில்லை. மோசேயின் நூல்களினும் பழைய நூல் ஒன்று, யூதரினும் பழைய மக்களிடத்து உண்டு எனக் காட்டித் தம் நாட்டுக் குருமாரை வெல்லுதலே அவர் நாட்டம். அவ்வழக்கிற்கு ஒரு கரி வேண்டியிருந்தது. வேண்டிய பொழுது வேண்டிய சொல்லோடு ஒருவன் வந்து நின்றான். எவ்வூரான் என வினவாமலே கூண்டில் ஏற்றினார். வேண்டியதைக் கூறும் கரியையே முதலில் ஐயுறுதல் வேண்டும் என்பது இதனாற் பெறப்படும். மெய்யறிவு அந்நாளிற் கிட்டாததும் அன்று. அதே புதுச்சேரியில், மரிதாசு பிள்ளை என்பார் பாகவதத்தின் தமிழ் நூலை 1769-இற் பிரெஞ்சில் பெயர்த்தார். அது 1788-இற் பாரிசில் அச்சாயிற்று. பிறர் வழக்குக்காகப் புனையாத நூல், பிறர் கையை எதிர்பார்த்துப் பத்தொன்பது ஆண்டு காத்திருந்தது.

இப்பொய்ப்புகழின் மறுபுறம் பொய்யிகழ்ச்சி. ஸ்காத்லாந்து அறிஞர், மக்கட்கூட்டம் வேட்டை, கால்நடை, உழவு, வணிகம் என்னும் நான்கு நிலைகளை முறையே ஏறும் என வகுத்தனர். ஏடு இல்லாத காலத்தை இவ்வாறு கருதியறிதலுக்குக் கருதுமுறை வரலாறு என டூகால்டு ஸ்டுவர்ட்டு 1793-இற் பெயரிட்டார். கருதலளவை தன்னளவிற் குற்றமுடையதன்று. ஆயின் புகை கண்டு தீயைக் கருதுவான், புகையும் தீயும் உடனிகழ்தலை முன்னரே அடுக்களையிற் கண்டவனாதல் வேண்டும். மலைமேற் புகையையும் மெய்யாகவே கண்டிருத்தல் வேண்டும். மூடுபனியைப் புகையெனக் கொண்டு தீயென்று கூவுவான் கருதலளவையை இகழ்வித்தவனாவான்.

ஸ்டுவர்ட்டிடம் பயின்ற ஜேம்ஸ் மில் 1817-இற் பிரிட்டிஷ் இந்திய வரலாற்றை மூன்று தொகுதிகளில் வெளியிட்டார். அவர் இந்தியாவுக்கு வந்தவரல்லர். இந்திய மொழி ஒன்றும் அறியாதவர். இவற்றை அவர் மறைக்கவில்லை; முகவுரையிலேயே கூறி, அவை தமக்கு நலமே என வாதித்தார். நிகழ்ச்சியை நேரிற் காணாத நடுவர் பலர் கூற்றையும் கேட்டுத் தீர்ப்பளித்தல் போலத் தாமும் செய்ததாகக் கொண்டார். உவமை அழகிது, ஆனால் பொருந்துமாறில்லை. என்னை? நடுவர் நிகழ்ச்சியைக் காணாதவராயினும், கரி கூறுவோன் மொழியை அறிந்தவர். குறுக்கு வினா எழுப்ப வல்லவர். எதிர்வழக்காடுவான் சொல்லையும் கேட்பவர். மொழியறியாது, வினாவாது, ஒருபக்கத்து ஏட்டை மட்டும் புரட்டித் தீர்ப்பெழுதுவாரை நடுவர் என்னும் வழக்கு எந்நாட்டும் இல்லை. அவர் தீர்ப்போ, இந்துக்கள் நாகரிகப் படிக்கட்டின் கீழ்ப்படியில் நிற்பவர் என்பதாயிற்று. அப்படிக்கட்டை நட்டவரும் அவரே. அளவுகோல் பிடித்தவரும் அவரே.

அவர் காலத்தில் வேறு வழியில்லை எனின், அதுவும் பொருந்தாது. ராபர்ட்சனும் இந்தியாவுக்கு வந்தவரல்லர். அதே ஸ்காத்லாந்து நெறியில் வளர்ந்தவர். ஆயினும் 1791-இல் இந்தியா பற்றி அவர் எழுதிய நூலில், வில்கின்ஸ் 1785-இல் மொழிபெயர்த்த கீதையையும், ஜோன்ஸ் 1789-இல் மொழிபெயர்த்த சாகுந்தலத்தையும் எடுத்து ஆராய்ந்து, இந்நாட்டு மக்கள் நெடுநாள் நாகரிகமுற்றவர் என்றும், அவரை ஐரோப்பியர் மதித்து நடத்தல் கடன் என்றும் முடித்தார். ஆகவே கடல் கடவாமையன்று குற்றம். கிடைத்த கரியைத் தள்ளியமையே குற்றம். எல்லிஸ் துரையோ சென்னையில் தமிழும் வடமொழியும் கற்று, புலவரோடு அமர்ந்து, திருக்குறளின் ஒரு பகுதியை மொழிபெயர்த்தவர். தமிழ், தெலுங்கு, கன்னடம் முதலியன வடமொழியினின்று பிறந்தனவல்ல, தமக்குள் ஓரினமாவன என அவர் சான்றோடு எழுதியது, காம்பல் துரையின் தெலுங்கு இலக்கண நூலுக்கு முன்னுரைக் குறிப்பாக 1816-இல் அச்சாயிற்று. மில் நூல் வெளிவருதற்கு ஓராண்டு முந்தியது அது. இலண்டனில் மூடிய அறையில் எழுதியது உலகெங்கும் பரவ, சென்னையில் கேட்டெழுதியது முன்னுரைக்குறிப்பாய் ஒடுங்கிக் கிடந்தது.

மில் நூல் வெறும் ஏட்டுப்பிழையாய் நின்றிருந்தால் இத்துணை கூறவேண்டுவதில்லை. 1819-இல் அவர் கிழக்கிந்தியக் கும்பினியின் இலண்டன் அலுவலகத்தில் வேலைக்கு அமர்ந்தார். இந்தியாவை ஆளவந்த இளைஞர் பலர் கையில் அவர் நூல் இருந்தது. இந்து, முகமதியர், பிரிட்டிஷார் என இந்திய வரலாற்றை அவர் வகுத்த வகுப்பு, பள்ளிப் பாடநூல்களிலும் நெடுநாள் வழங்கிற்று. 1840 முதல் அதனை மீளப் பதிப்பித்த வில்சன் என்னும் வடமொழிப் பேராசிரியர், பதிப்பாசிரியராயிருந்தே மில்லின் பிழைகளைப் பக்கந்தோறும் அடிக்குறிப்பில் மறுக்கவேண்டியதாயிற்று. நூலைக் கற்றவர் பலர். அடிக்குறிப்பைக் கற்றவர் சிலர்.

அவ்வாறாயின் பழமையை எவரும் மதிப்பிடலாகாதோ? பண்டை வழக்கமெல்லாம் நன்றெனக் கொள்ளவேண்டுமோ எனின், அதுவும் ஈண்டுக் கூறியதன் கருத்தன்று. கொடுமையைக் கொடுமை என்னாத வரலாறு கண்ணில்லாதது. கலாஸ் கொல்லப்பட்டது முறையெனக் கூறத்தக்கார் எவர்? தீர்ப்பு வேண்டும், ஆனால் கேட்ட பின்னரே வேண்டும். ஒரு காலத்தை, அடுத்து வரும் காலம் ஏறுதற்குரிய படியென மட்டும் எண்ணலாகாது என்பதை அக்காலத்துக்குள்ளிருந்தே ஹெர்டர் 1774-இல் எடுத்துக்கூறினார். தன் காலமே கொடுமுடி எனக் கொண்டார்க்கு முன்னோர் அனைவரும் ஏறுவோர் கால்பட்ட கல்லாகவே தோன்றுவர்.

இதற்குக் கொந்தொர்சே ஒரு துயரச் சான்று. புரட்சிக்காலத்தில் தம்மைப் பற்றுதற்குக் கட்டளை பிறந்தபின், 1793-இற் பாரிசில் ஒரு வீட்டில் ஒளிந்திருந்து, மக்களறிவு வளர்ந்த வரலாற்றை அவர் எழுதினார். அதனை அவர் வகுத்த பத்துக் காலங்களுள் ஒன்பது கழிந்தன. பத்தாவது, இனி வரப்போகும் நிறைவு. வேட்டையாடப்பட்ட நிலையிலும் மக்கள்மேல் நம்பிக்கை தளராமை போற்றத்தக்கதே. 1794 மார்ச்சில் அவர் பிடிபட்டுச் சிறையில் இறந்தார். நூல் 1795-இல் வெளிவந்தது. வரலாற்றின் ஏணி இனி வரும் நிறைவை நோக்கி ஏறுகின்றது என எழுதியவரை, அதே காலமே சிறையில் தள்ளிற்று. காலத்தின் போக்கைத் தாம் முற்றும் அறிந்தோம் என்பார்க்கு இதனினும் கடிய விடை வேண்டுவதில்லை.

இனி எஞ்சியது மூன்றாமவர் கொள்கை. அதற்குரிய விடை மேலே தானே அமைந்தது. வால்டேர் புகழ்ந்தார் என்று மகிழ்வார், அப்புகழ் எதன்மேல் நிற்கின்றது என வினவுதல் வேண்டும். உருவ வழிபாட்டையும் புராணத்தையும் இகழ்தற்குப் பிறர் புனைந்த போலி நூலின்மேல் அது நிற்கின்றது. அதனை நற்சான்றிதழாக மாட்டி வைத்தல், தன்னை இழித்து எழுதிய ஓலையைப் படியாது பட்டயமென்று பேணுதலை ஒக்கும். மில் இகழ்ந்தார் என்று வருந்துவாரும் அங்ஙனமே. கேளாது கூறிய தீர்ப்பு எவர்க்கும் தீர்ப்பாகாது. ஆனால் மில்லை மறுத்தற்கு வால்டேரைத் துணைக்கழைத்தல் தவறினும் தவறு. ஒரு பொய்க்கரியை மற்றொரு பொய்க்கரியால் வெல்லலாம் என்பார் வழக்கு, எதிரி உண்மையறியும் அன்றே தோற்றுவிடும். ஒரு நூலுக்கோ ஊருக்கோ குடிக்கோ இல்லாத ஆண்டுக்கணக்கைக் கட்டி உரைப்பார் எவரும் அதற்கு நன்மை செய்தாரல்லர். உள்ள பழமையையும் பிறர் ஐயுறுமாறு செய்தாராவர்.

இதுகாறும் கூறியவற்றால், அறிவொளிக் காலத்தாரிடத்துக் கொள்ளற்பாலதும் தள்ளற்பாலதும் இவையென்பது போதரும். கரியைத் தேடுக, கரியை வினாவுக, கரியை மறையாது பிறர்க்குக் காட்டுக என்னும் நெறி அவர் தந்த நன்கொடை, அது கொள்ளத்தக்கது. வழக்கின் முடிவை முன்னரே எழுதிவைத்து அதற்கேற்ற கரியைத் தேடிய செயல் அவர் இடறிய இடம், அது தள்ளத்தக்கது. துலூஸ் நகரத்து வணிகர் ஒருவர்க்காக மூன்றாண்டு வினவிய வால்டேர், தொலைநாட்டு நூல் ஒன்றுக்காக மூன்று வினாக்கூடக் கேட்கவில்லை. உயிரோடிருப்பார்க்குச் செய்யும் நீதியை இறந்தார்க்கும், அண்மையிலுள்ளார்க்குச் செய்யும் நீதியைச் சேய்மையிலுள்ளார்க்கும் குறைவறச் செய்தலே வரலாறு எழுதுவார்க்கு அறமாம். இறந்தோர் மன்றில் வந்து மறுமொழி கூறார். ஆதலின் அவர் பொருட்டு வினவுவதும் எழுதுவோன் கடனேயாம் என்க.